பென்டிரைவ்: அப்படியே உருவலாமா, எஜெக்ட் கொடுக்கணுமா?

மவுஸ், கீபோர்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். சாதாரண யுஎஸ்பி பிளக்கின் உள்ளே பாருங்கள். நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் சற்று நீளம்; அவை மின்சாரத்துக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், உருவும்போது கடைசியில் பிரியும். அதனால் எஜெக்ட் கொடுக்காமல், அதாவது எடுக்கப்போவதைக் கணினிக்குச் சொல்லாமல், பென்டிரைவை உருவினாலும் போர்ட் கெடுவதில்லை, கெடுவது ஃபைல்தான்.

விண்டோஸில் இப்போது கவலை குறைவு. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு (2018) முதல் 'குயிக் ரிமூவல்' என்பதே இயல்பான அமைப்பு. எழுத வேண்டியதை மெமரியில் தேக்காமல் உடனே டிரைவுக்கு அனுப்பிவிடும். காப்பி முடிந்து, ஃபைல் எதுவும் திறந்திருக்காவிட்டால் அப்படியே எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' அமைப்பில் வேகம் கூடும், ஆனால் எஜெக்ட் கட்டாயம். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் 'பாலிசிஸ்' பக்கத்தில் எது இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லினக்ஸில் அந்தத் தைரியம் வேண்டவே வேண்டாம். காப்பி முடிந்ததாகக் காட்டும்போதும் டேட்டாவில் ஒரு பகுதி இன்னும் டிரைவுக்குப் போகாமல் கணினியின் மெமரியிலேயே (ராம்) இருக்கலாம். தங்கையின் வளைகாப்பு வீடியோவை இப்படித்தான் பட்டை நிறைந்ததுமே உருவிக்கொண்டு போனேன். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஃபைல் பெயர் வருகிறது, படம் பாதியில் நின்றுவிட்டது. பழைய பென்டிரைவ் நொடிக்கு 6 எம்பி எழுதினால் 1 ஜிபிக்கே மூன்று நிமிடம் ஆகும். இப்போதெல்லாம் எஜெக்ட் கொடுத்துவிட்டு, எடுக்கலாம் என்று அறிவிப்பு வரும்வரை டிரைவின் விளக்கு மினுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டெர்மினலில் 'சிங்க்' என்ற கட்டளையை அடித்தால் போதாதா என்று கேட்பார்கள். தேங்கியது எழுதப்படும், சரி. ஆனால் டிரைவ் இன்னும் மவுன்ட் ஆகியே, அதாவது படிக்கவும் எழுதவும் திறந்தே இருக்கிறது. வேறு புரோகிராம் அடுத்த நொடியே எதையாவது எழுதலாம். என் ஓட்டு எஜெக்ட்டுக்கே. பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபைல் அமைப்புகளான எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, நடுவில் அறுந்தால் மீள்வது கஷ்டம்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அன்மவுன்ட் (மவுன்ட்டை விடுவிப்பது) மட்டும் போதாது, பவரையும் நிறுத்தும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுங்கள். கையை வைத்துப் பாருங்கள், அதிர்வு அடங்கிய பிறகு கேபிளைத் தொடுங்கள். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று விடாமல் அடம்பிடித்தால், திறந்த புரோகிராம்களை மூடிப் பாருங்கள். அப்புறமும் விடவில்லையென்றால் ஷட் டவுன் செய்து, விளக்கெல்லாம் அணைந்ததும் எடுங்கள்.