பெயர் நிற்க வேண்டும், எடை காலியாக வேண்டும்: ஒரு மண்டிக் கணக்குச் செயலியின் மதிப்புரை

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் மாங்காய் மண்டியில் இந்தப் பருவம் முழுவதும் வரவு எழுதப் பயன்பட்ட கைபேசிச் செயலி ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. அதன் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. இங்கே சொல்லும் நிறைகுறைகள், இதே வேலைக்கென்று விற்கப்படும் வேறு செயலிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். செயலியின் பேரேடு, நாள் அறிக்கை, வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பும் வசதி ஆகியவை குறை சொல்ல முடியாதபடி இயங்குகின்றன என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மண்டியில் கணக்கு எழுதுபவர் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வரவுத் திரையில்தான். அந்தத் திரையின் தரத்தைத் தீர்மானிப்பது, ஒரு கட்டத்தில் அடித்ததை அது எப்படிக் காலி செய்கிறது, எப்போது காலி செய்கிறது, எதைக் காலி செய்யாமல் விட்டுவைக்கிறது என்பதே.

வரவுத் திரையில் தேதி, தோட்டக்காரர் பெயர், ஊர், ரகம், மொத்த எடை, கழிவு, விலை, இறக்குக் கூலி என்று எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. அண்மைப் பதிப்பில் ஒவ்வொரு கட்டத்தின் வலது ஓரத்திலும் சிறிய பெருக்கல் குறி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதைத் தொட்டால் அந்தக் கட்டம் மட்டும் காலியாகும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இதற்கான வசதி ஆயத்தமாகவே கிடைப்பதால், இதைச் செய்து முடிக்கப் பெரிய உழைப்பு தேவைப்பட்டிருக்காது. எனினும் கட்டத்தில் எழுத்து ஏதேனும் இருந்தால் மட்டும் குறி தோன்றுவதும், காலியான பிறகு விசைப்பலகை மூடிக்கொள்ளாமல் அப்படியே நிற்பதும் கவனத்தோடு செய்யப்பட்டிருக்கின்றன.

தமிழில் பெயர்களை அடிப்பவர்களுக்கு இந்தக் குறியின் அருமை கூடுதலாகவே தெரியும். கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் ‘கி’, கைபேசியின் உள்ளே ‘க’வுக்கு ஒரு குறியீடு, உயிர்க் குறிக்கு ஒரு குறியீடு என்று இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. புள்ளி வைத்த மெய்யும் அப்படியே இரண்டு; ‘க’, ‘ண’ போன்ற அகர எழுத்துகளுக்கு மட்டும் ஒன்று. ‘கிருஷ்ணகிரி’ நமக்கு 6 எழுத்துகள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடின் கணக்கில் 11 குறியீடுகள். ‘காவேரிப்பட்டினம்’ நமக்கு 9, உள்ளே 16. ஆண்ட்ராய்டின் தமிழ் விசைப்பலகையில் பின்னழிப்பு விசையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் பொதுவாக ஒரு குறியீடுதான் அழிகிறது. ஆகவே ‘காவேரிப்பட்டினம்’ என்ற ஊர்ப்பெயரை மாற்ற விரும்புபவர், விசையைப் பதினாறு முறை தட்ட வேண்டும். அல்லது அதை அழுத்திப் பிடித்து எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே தொடுதலில் காலி செய்யும் குறி அந்தத் தொல்லையை முழுவதுமாக நீக்கிவிட்டது.

குறியின் அளவுதான் போதவில்லை. தொடு பகுதி குறைந்தது 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டின் வடிவமைப்பு நெறிகள் பரிந்துரைக்கின்றன. ஆப்பிள் சொல்வது 44 புள்ளிகள். இந்தச் செயலியின் குறி அதில் பாதியளவு இருந்தால் அதிகம் என்று தோன்றுகிறது. போதாக்குறைக்கு, பெயர்க் கட்டத்தில் ஒலிவாங்கிப் படத்தை அதன் ஒட்டிலேயே வைத்திருக்கிறார்கள். மாங்காயின் காம்பிலிருந்து வடியும் பால் ஒட்டிய விரலோடு கைபேசியைத் தொடும் இடம் இது. பெயரை அழிக்கப் போன விரல் ஒலிப்பதிவைத் தொடங்கிவைப்பது இங்கே அன்றாட நிகழ்ச்சி.

எடைக் கட்டத்தில் இதைவிடப் பெரிய கோளாறு இருக்கிறது. திரையைத் திறந்ததும் அந்தக் கட்டத்தில் சுழியம் தெரிகிறது. அது எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும் மங்கலான குறிப்பாக இருந்தால் பிழையில்லை. இங்கே உண்மையான மதிப்பாகவே உட்கார்ந்திருக்கிறது. சுட்டி, அதாவது அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கோடு, சுழியத்துக்குப் பின்னால் நின்றால் 850 என்று அடிப்பது 0850 ஆகும், அதனால் தீங்கில்லை. முன்னால் நின்றால் அது 8500 ஆகிவிடும். சீட்டு அச்சாகும்வரை யாரும் கவனிக்காமல் போனால், 850 கிலோ கொண்டுவந்தவரின் கணக்கில் எட்டரை டன் ஏறியிருக்கும். சுழியத்தை எடுத்துவிட்டு மங்கலான குறிப்பை வைக்கலாம். அல்லது கட்டத்தைத் தொட்டவுடன் உள்ளிருப்பது முழுவதும் தேர்வாகி, முதல் இலக்கம் அடித்ததும் பழையது தானாக மறையும்படி செய்யலாம். இரண்டாவதற்கு ஆண்ட்ராய்டில் ‘செலக்ட் ஆல் ஆன் ஃபோகஸ்’ என்ற அமைப்பு நெடுங்காலமாக இருக்கிறது. நிரலில் ஒரே ஒரு வரி. பணம் வாங்கி விற்கும் செயலியில் அந்த ஒரு வரி இல்லாததை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

சேமித்த பிறகு கட்டங்கள் என்ன ஆகின்றன என்பதுதான் இந்தச் செயலியில் என்னை மிகவும் அலைக்கழித்தது. ஒரு தோட்டக்காரரோ குத்தகைக்காரரோ வண்டியில் ஒரே ரகத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. பெங்களூரா பெரும்பகுதியாக இருக்கும். அதனோடு கொஞ்சம் செந்தூரா, கொஞ்சம் நீலம், பருவத்தைப் பொறுத்து அல்போன்சாவும் இருக்கும். ஒவ்வொரு ரகத்துக்கும் தனி எடை, தனிக் கழிவு, தனி விலை. ஆகவே ஒரு வண்டிக்கு மூன்று நான்கு வரிகள் எழுத வேண்டும். அவற்றில் தேதியும் பெயரும் ஊரும் மாறுவதில்லை. பழைய பேரேடுகளில் இந்த இடத்தில் ‘மேற்படி’ என்றோ, அதன் சுருக்கக் குறியான ௸ என்றோ போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார்கள்.

செயலிக்கு மேற்படி தெரியாது. சேமி என்பதைத் தொட்டதும் எட்டுக் கட்டங்களும் ஒருசேரக் காலியாகின்றன; அதே பெயரையும் ஊரையும் மறுபடி தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. தேதிகூட அன்றைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது. முந்தைய இரவு இறங்கிய சரக்கை விடியற்காலையில் எழுதும்போது, முதல் வரி நேற்றைய கணக்கிலும் மற்றவை இன்றைய கணக்கிலும் விழுகின்றன. அமைப்புகளில் ‘முந்தைய விவரங்களை வைத்திரு’ என்று ஒரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தால் எதிர்த் துயரம் வருகிறது. எல்லாம் அப்படியே நிற்பதால், சேமிக்கப்பட்டதா இல்லையா என்பதே திரையைப் பார்த்தால் தெரிவதில்லை. சந்தேகத்தில் இன்னொரு முறை தொட்டால் அதே எடை இரண்டாம் முறை பதிவாகிறது. எடையை மாற்றிவிட்டு விலையை மாற்ற மறந்தால், நீலத்தின் விலையில் பெங்களூரா விற்றுப்போகிறது.

மண்டிக்குப் பொருத்தமானது இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. தேதி, பெயர், ஊர், கூலி ஆகியவை நிற்க வேண்டும். எடையும் கழிவும் காலியாக வேண்டும். சுட்டி தானாக ரகக் கட்டத்துக்குப் போய் நிற்க வேண்டும். விலையைப் பற்றி எங்கள் மண்டியிலேயே இரண்டு கருத்துகள் உண்டு. ஒரே ரகத்தில் இரண்டு தரம் வரும்போது விலை நின்றால் வேகம் கூடும் என்று கல்லாவில் இருப்பவர் சொல்கிறார். விலை ஒவ்வொரு முறையும் காலியாக வேண்டும் என்பதே என் எண்ணம், ஏனென்றால் காலியான கட்டம் கேள்வி கேட்கும். பழைய விலை ஓசையில்லாமல் உள்ளே போய்விடும்.

சேமி பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், ‘முழுவதும் அழி’ என்ற பொத்தான் ஏன் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இணையப் படிவங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பொத்தானை நீக்கினாலே மேம்படும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். இங்கே அது உறுதி கேட்பதும் இல்லை, அழித்ததைத் திரும்பக் கொடுப்பதும் இல்லை. ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், மூன்று விரல்களால் இடப்பக்கம் தள்ளி எழுத்து மாற்றங்களைத் திரும்பப் பெறலாம். ஆண்ட்ராய்டில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக அப்படியொரு சைகை கிடையாது. ஆகவே, திரையின் அடியில் சில நொடிகளுக்கேனும் ‘திரும்பப் பெறு’ என்ற பட்டையைக் காட்ட வேண்டிய பொறுப்பு செயலியையே சேர்கிறது.

தேடல் கட்டம் மட்டும் முற்றிலும் சரியாக இருக்கிறது. பெயரை அழித்ததும் முழுப் பட்டியலும் திரும்பி வருகிறது; ஒருவரின் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால் தேடிய சொல் அப்படியே இருக்கிறது. ஒரே செயலிக்குள் இந்தத் திரையை எழுதியவரும் வரவுத் திரையை எழுதியவரும் பேசிக்கொள்வதில்லை போலும்.

மாங்கூழ் ஆலையின் வாயிலில் எடை மேடைக்குப் பொறுப்பாக இருப்பவர் இந்தச் செயலியைத் தயங்காமல் வாங்கலாம். அங்கே ஒவ்வொரு லாரியும் வேறொருவருடையது. சேமித்ததும் எல்லாக் கட்டமும் காலியாவது அந்த வேலைக்கு ஏற்றதே. செயலி அந்த இடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றே ஊகிக்கிறேன். ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ தக்காளி மண்டி வைத்திருப்பவர்கள், ஒரே விவசாயியின் பிளாஸ்டிக் பெட்டிகளைத் தரவாரியாகப் பிரித்து எழுத வேண்டியிருப்பதால், எங்களுக்கு நேர்ந்த அதே தொல்லையைச் சந்திப்பார்கள். நிறுவனத்தின் உதவி எண்ணில் தமிழில் பொறுமையாகப் பேசினார்கள். எந்தக் கட்டம் நிற்க வேண்டும், எது காலியாக வேண்டும் என்பதைப் பயனரே குறித்துக்கொள்ளும் தெரிவை அடுத்த பதிப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை ஆண்டுச் சந்தாவைக் கட்டாமல் மாதச் சந்தாவிலேயே தொடர்வது நல்லது.