பெப்டைடு: பிசின் மணியில் கோப்பதா, பாக்டீரியாவில் விளைவிப்பதா?

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டாவை ஆராய முனைகிறவருக்கு முதல் வேலை, 42 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெப்டைடை, அதாவது குட்டிப் புரதச் சரத்தை, கைக்குக் கொண்டுவருவது. வேதிமுறையில் ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோக்கலாம். அல்லது அதற்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதனிடம் வேலையை விடலாம். விலையைப் பார்த்தே பலர் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு வழிகளும் விட்டுவைக்கும் கசடு வெவ்வேறு. சோதனையின் விடையையே அது மாற்றிவிடும்.

வேதிமுறைக்கு வழி திறந்தவர் புரூஸ் மெரிஃபீல்டு. முதல் அமினோ அமிலத்தைக் கரையாத சிறு பிசின் மணியில் பிணைத்துவிட்டால், ஒவ்வொரு படியிலும் மிஞ்சுவதைக் கழுவி ஊற்றலாம், சரம் மணியிலேயே தங்கும் என்று அவர் 1963இல் காட்டினார். 1984இல் நோபல் பரிசு வந்தது. இணைப்பு முடிந்ததா என்று அறிய நாலைந்து மணிகளை எடுத்து, இணையாமல் நிற்கும் அமினோ முனையைக் கண்டால் நீலமாகும் நின்ஹைட்ரினைச் சேர்த்துச் சூடாக்குவோம். மணி மஞ்சளாகவே நின்றால் நிம்மதி. நீலமானால் அந்தப் படியை மறுபடி செய்ய வேண்டும். கடைசியில் அமிலத்தால் மணியிலிருந்து அறுத்த சரத்தைக் குளிர்ந்த ஈதரில் விட்டால், பால் திரிவதுபோல் வெள்ளையாகத் திரண்டு இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஆனால் கணக்கு இரக்கமற்றது. படிக்கு 99 சதவீதம் கைகூடினால், 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்ஸிடோசின் ஹார்மோனில் 92 சதவீதம் முழுச் சரமாக வரும். அதே திறமையில் 42 கோத்தால் 66தான். மிச்சமெல்லாம் ஓரிரு கண்ணி விடுபட்ட சரங்கள். அசலோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பவை.

பாக்டீரியாவுக்கு நீளம் பெரிய சுமையில்லை. அதன் தொல்லை வேறு. 1977இல் இட்டாகுராவும் போயரும் அவர்கள் குழுவினரும் 14 அமினோ அமிலச் சொமாட்டோஸ்டாட்டின் ஹார்மோனை ஈ.கோலையில் விளைவித்தபோது, தனியாக விட்ட பெப்டைடை பாக்டீரியாவின் நொதிகளே தின்றுவிட்டன. ஆகவே அதைப் பெரிய புரதமொன்றின் வாலில் ஒட்டவைத்து, சந்திப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்றை வைத்து, மெத்தியோனின் இருக்குமிடத்தில் அறுக்கும் சயனோஜன் புரோமைடால் வெட்டி எடுத்தார்கள். சொமாட்டோஸ்டாட்டினுக்குள் மெத்தியோனின் இல்லாததால் அந்த உத்தி பலித்தது. அமிலாய்டு பீட்டாவில் 35ஆம் இடத்தில் ஒன்று இருக்கிறது. அதே கத்தி இங்கே சரத்தையே துண்டாக்கிவிடும். எனவே இடமறிந்து வெட்டும் நொதியை நாட வேண்டும், அல்லது பாக்டீரியா சரத்தைத் தொடங்க வைக்கும் ஒரு கூடுதல் மெத்தியோனினை முனையில் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2010இல் சூரிச் ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாக்டீரியாவில் விளைந்த 42 அமினோ அமிலச் சரம் வேகமாக இழைகளாகத் திரண்டது. நரம்பணுக்களை அதிகமாகக் கொன்றது. வேதிமுறைச் சரத்தில் மிகச் சொற்பமாக இருந்த கலப்படத்தின் மீது சந்தேகம் விழுந்தது. இழை வளர மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பொருந்தி அடுக்க வேண்டும். பொருந்தாதவை சிலவே ஆனாலும் வேகம் தளரும். ஆகவே திரளும் வேகத்தை அளக்கிறவர்களுக்கு என் பரிந்துரை பாக்டீரியாதான். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வால் (என்.எம்.ஆர்.) மூலக்கூறின் வடிவத்தைப் பார்க்கிறவர்களுக்கும் அதுவே: நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 கொண்ட அம்மோனியம் குளோரைடை வளர்ப்பூடகத்தில் கலந்தால் சரம் முழுதும் அடையாளம் ஏறிவிடும். வேதிமுறையில் அடையாளமிட்ட அமினோ அமிலங்களைத் தனித்தனியே வாங்கிக் கட்டுப்படியாகாது.

மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களில் அழற்சியைப் பார்க்கிறவர்களிடம் இதையே சொல்லமாட்டேன். ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு துளி ஒட்டியிருந்தாலும் அந்த அணுக்கள் கொதித்தெழும். பழி பெப்டைடின் மேல் விழும். அங்கே வேதிமுறைச் சரமே மேல், அதையும் எண்டோடாக்சின் சோதனைக்கு உட்படுத்திய பிறகு. பாஸ்பேட் ஏற்றிய செரினோ ஒளிரும் சாயமோ குறிப்பிட்ட ஓரிடத்தில் வேண்டுமென்றாலும், 20, 30 அமினோ அமிலங்களுக்குள் முடிகிற சரமென்றாலும் வேதிமுறைதான்.

எந்த வழியில் வந்தாலும் எடைத் தராசை மட்டும் நம்பிக் கரைசல் தயாரிக்க வேண்டாம். குப்பியில் 1 மில்லிகிராம் என்றிருந்தால், சரத்தோடு ஒட்டிய அமில உப்பும் ஈரமும் அதற்குள் அடக்கம். அமிலாய்டு பீட்டாவின் 10ஆம் இடத்தில் ஒரு டைரோசின் இருக்கிறது. அது புறஊதாக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, அன்றைய செறிவை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.