போல் பொசிஷன்: ஸ்டியரிங் பிடிச்சு விளையாடுங்க, கேம்பேட் பட்டன்ல வேணாம்

ரெட்ரோ ஆர்கேட் (காசு போட்டு ஆடுற பழைய வீடியோ கேம் மெஷின் வச்சிருக்க இடம்) போறவங்க முக்கால்வாசி பேரு பேக்மேன் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுட்டு கிளம்பிடுறாங்க, அங்க போல் பொசிஷன்ங்கற கார் ரேஸ் கேமோட கேபினெட் (மெஷின்) இருந்துச்சுன்னா தயவுசெஞ்சு விட்றாதீங்க. ஜப்பான் கம்பெனி நாம்கோ 1982ல விட்ட கேம், பேக்மேன் பண்ண அதே தோரு இவதானி இதுலயும் இருக்காரு. அமெரிக்காவுல அடாரி தான் வித்தாங்க.

இதுக்கு முன்னாடி கார் கேம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா தான் இதோட அருமை புரியும். 1974ல வந்த கிரான் ட்ராக் 10ல மேல இருந்து ட்ராக்க பாக்கணும். 1976 நைட் ட்ரைவர்ல ரோடே வரையல, இருட்டுல ரெண்டு பக்கமும் வெள்ளை கட்டை மட்டும் ஓடி வரும், நம்ம கார் கூட ஸ்கிரீன் மேல ஒட்டுன படம் தான். அங்கிருந்து ஆறே வருஷத்துல கார் முதுக பாத்துக்கிட்டே ஓட்டுற வியூ, கலர் ரோடு, தூரத்துல ஃபூஜி மலை, வளைவுல அந்த மலையும் சேர்ந்து நகருது! இதுக்காக 16 பிட் ப்ராசசர் ரெண்டு போட்டாங்க, அந்த காலத்துக்கு அது பெரிய விஷயம். ட்ராக்கும் ஜப்பான்ல நிஜமாவே இருக்குற ஃபூஜி ஸ்பீட்வே தான், ஓரத்துல பெப்சி, கேனன்னு நிஜ கம்பெனி போர்டு வேற.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது குவாலிஃபையிங் லேப். நேரா ரேஸ்ல இறக்கி விடாது, முதல்ல தனியா ஒரு ரவுண்டு ஓட்டணும், அந்த டைம வச்சு தான் ரேஸ் ஆரம்பிக்கும்போது 8 இடத்துல எங்க நிப்பீங்கன்னு முடிவாகும், டைம் பத்தலன்னா ரேஸே கிடையாது. அதனால முதல் செகண்ட்ல இருந்தே உயிர கொடுத்து ஓட்டுவோம்.

கியர் லோ, ஹை ரெண்டு தான். ஹேர்பின் (யூ டர்ன் மாதிரி திரும்புற வளைவு) வரும்போது லோ போட்டு ஸ்டியரிங்க சுத்தணும், அந்த ஸ்டியரிங் எங்கயும் முட்டி நிக்காது, சுத்திட்டே இருக்கலாம், நடுவுக்கும் தானா திரும்பி வராது, நாமளே கையால கொண்டு வரணும். தண்ணி தேங்குன இடத்துல ஏறினா ஸ்பீடு இறங்கிடும், முன்னாடி கார லேசா தொட்டாலே வெடிச்சு சிதறி நாலஞ்சு செகண்ட் போச்சு. இந்த கை வேலை தான் கேமே. 1995ல ப்ளேஸ்டேஷனுக்கு வந்த நாம்கோ மியூசியம் வால்யூம் 1ங்கற பழைய கேம் தொகுப்புலயும் இது இருக்கு, ஆனா பட்டனால இடது வலதுன்னு தட்டி ஓட்டுறப்போ கார் வெட்டி வெட்டி போகுது, அதுக்காக அத வாங்காதீங்க.

கேபினெட்ல ரெண்டு டைப் உண்டு. நின்னு ஓட்டுறதுல ஆக்சிலரேட்டர் மட்டும், உக்காந்து ஓட்டுறதுல பிரேக்கும் இருக்கு. ரெண்டும் இருந்தா உக்காந்து ஓட்டுறதுக்கே போங்க, சின்ன பசங்களுக்கு பெடல் எட்டாது, அவங்களுக்கு நிக்கிற கேபினெட் ஓகே. காசு போடுறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்க ஒரு சுத்து சுத்தி பாத்துக்கோங்க, பழைய மெஷின்ல அது இறுகி போயிருந்தா வளைவுல ஒண்ணுமே பண்ண முடியாது.