செக்யூரிட்டி சர்வீஸ்: 14 மாத அனுபவம், மூன்றரை ஸ்டார்

மடிப்பாக்கத்தில் 48 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. சங்கப் பொருளாளர் என்பதால் செக்யூரிட்டி பில்லில் கையெழுத்துப் போடுபவன் நான்தான். ஏஜென்சியின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முன்பு இருந்தவர்கள் காக்கிச் சட்டையில் விறைப்பாக சல்யூட் அடிப்பார்கள். போலீஸ் போலத் தெரியும் உடையைத் தனியார் காவலாளி போடுவதே 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லைசென்ஸ் நகல் கேட்டால், "அனுப்புறோம் சார்" என்றே ஆறு மாதம் ஓட்டினார்கள்.

புது ஏஜென்சி முதல் நாளே நகலைக் கொடுத்தது. சூப்பர்வைசர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவுக் காவலாளியை ஸ்டேஷனுக்கே கூட்டிப்போய் ரோந்துக் காவலரிடம் அறிமுகம் செய்துவிட்டு வந்தார். இப்போது பட்டா புத்தகத்தில் (போலீஸ் ரோந்து வந்ததைப் பதியும் நோட்டு) கையெழுத்துப் போட அந்தக் காவலர் வரும்போது, யார் யார் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று நம் ஆள் ஒரு நோட்டைப் பார்த்துச் சொல்கிறார். அந்தப் பட்டியல் வாட்ஸ்அப் குரூப்பில் வரவே கூடாது என்பதில் சூப்பர்வைசர் கறார். சிலருக்கு அதில் கோபம், எனக்கு நிம்மதி.

பொங்கல் லீவில் அடுத்த தெருவில் ஒரு பைக் திருட்டு. கேமரா பதிவு கேட்டுப் போலீஸ் வந்தார்கள். அவர்கள் சொன்ன நேரத்தில் பார்த்தால் ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். பால் வண்டி 4.10-க்கு வந்ததாகக் காவலாளி கேட் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தார்; திரையில் அதே வண்டி 4.27-க்கு வந்தது. கேமரா பதிவாகும் டிவிஆர் பெட்டியின் கடிகாரம் 17 நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது! கணக்குப் போட்டுத் தேடியதும் பைக்கைத் தள்ளிக்கொண்டு போன இருவரும் கிடைத்தார்கள். மாதாமாதம் கேமராவைப் பார்த்ததாக டிக் அடித்து வைத்திருந்த ஏஜென்சிக்கு இதில் அரை ஸ்டார் போச்சு.

இன்னொரு ஸ்டார் பயிற்சிக்காக. மத்திய அரசின் மாதிரி விதிகளில் வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்று இருக்கிறது. எங்கள் பகல் காவலாளியைக் கேட்டால், "மூணு நாள் சார்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாற்றாக வருபவருக்கோ ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மாற்று ஆளையும் ஸ்டேஷனில் காட்டிவிட்டு வரணும், கடிகாரத்தை என் முன்னால் சரிபார்க்கணும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சேர்த்தால் அந்த அரை ஸ்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.