பழைய வால்வா, புதிய வால்வா? குன்னூர்க் குளிரில் ஓர் அலசல்

வால்வு என்பது, காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் சூடாகி மின்குறியைப் பெருக்கும் உறுப்பு. உங்கள் வீட்டில் இருப்பது பழைய வால்வு ரேடியோ என்றால் இந்த ஒப்பீட்டில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. அலைவரிசையைப் பிடிக்கும் ஈசிஎச்81, ஈபிஎஃப்89, நிலையம் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை ஒளியால் காட்டும் மேஜிக் ஐ இவற்றையெல்லாம் இன்று புதிதாகச் செய்வார் இல்லை. பழைய கையிருப்புதான் கதி. இன்றைய தொழிற்சாலைகள் கிதார் ஆம்பிளிஃபயருக்கும் ஹைஃபைக்கும் விலைபோகும் வகைகளோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆகவே உண்மையான போட்டி, மெல்லிய குறியை முதலில் பெருக்கும் முன்கட்டத்து ஈசிசி83, ஈசிசி82, ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்து ஈஎல்84, ஈஎல்34 போன்ற சிலவற்றில்தான்.

பழைய பக்கத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த முல்லார்ட், ஜெர்மனியின் டெலிஃபங்கன், நம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். புதிய பக்கத்தில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சராத்தவ் தொழிற்சாலை, சீனத் தயாரிப்புகள். முதல் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. புத்தம்புதுப் பெட்டியில் முல்லார்ட் என்றும் டங்-சால் (இதுவும் ஒரு பழைய பெயர்தான்) என்றும் அச்சிட்டு வருபவை சராத்தவில் செய்யப்படுபவை; பெயரின் உரிமை மட்டும் ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. மோசமான வால்வுகள் அல்ல. ஆனால் பிளாக்பர்ன் சரக்கு என்று நினைத்து அந்த விலை கொடுக்கக் கூடாது. பழைய முல்லார்டில் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறச் சிற்றெழுத்துக் குறியீடு இருக்கும். டெலிஃபங்கனில் ஊசிகளுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வார்த்த வைர வடிவம். மேலே இருக்கும் வண்ண அச்சை நம்பாதீர்கள். விரலால் தேய்த்தாலே போகும் அச்சைத் திரும்ப அடிப்பதும் எளிதுதான்.

ஒலியில் வேறுபாடு உண்டா? உண்டு, பேசப்படும் அளவுக்கு இல்லை. ஈசிசி83 பழையதானாலும் புதியதானாலும் பெருக்கக் காரணி 100தான். நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளீட்டுக்கே திருப்பிப் பிழையைக் குறைப்பது) உள்ள சுற்றில் மிச்சமிருக்கும் வேறுபாட்டையும் அது பெரும்பாலும் விழுங்கிவிடும். காதுக்கு உண்மையில் எட்டுவது இரைச்சலும், தட்டினால் மணிபோல் அதிரும் குணமும். பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டால் அந்த வால்வு இசைத்தட்டு உள்ளீட்டுக் கட்டத்துக்கு உதவாது. அந்த ஒரே இடத்தில் மட்டும், சோதித்து வாங்கிய பழைய ஈசிசி83க்கு என் ஓட்டு. பெங்களூர்ச் சரக்கு நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வெளிநாட்டுப் பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை மிச்சம். சோவியத் காலத்து 6என்2பி வால்வை ஈசிசி83க்கு மாற்று என்று யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள். உள்ளே சூடாக்கும் கம்பியான ஹீட்டருக்குரிய ஊசிகளின் இணைப்பே அதில் வேறு.

கடைசிக் கட்டத்துக்கு, யோசிக்காமல் புதியது. ஈஎல்84 சூட்டில் உழைத்துத் தேயும் வால்வு. பழையதில் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று விற்பவருக்கும் தெரியாது. 'பயன்படுத்தாத பழைய சரக்கு' என்பது பல நேரங்களில் துடைத்த பழைய சரக்குதான். தரவுத் தாளில் ஈஎல்84இன் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (உள்ளீடு ஒரு வோல்ட் மாறினால் மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்ற அளவு) வோல்ட்டுக்கு 11.3 மில்லியாம்பியர், டெஸ்டரில் அளந்த எண்ணைச் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். இரண்டு வால்வுகள் மாறிமாறி உழைக்கும் புஷ்-புல் ஆம்பிளிஃபயருக்கு ஒத்த ஜோடி வேண்டும், அது புதியதில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு குறையும் உண்டு. வால்வை எல்லைக்குமேல் ஓட்டும் பழைய ஆம்பிளிஃபயர்களில், புதியவை எல்லாமே முல்லார்டைப்போல் தாங்குவதில்லை. உயர் மின்னழுத்தம் பாயும் முனையான ஆனோடில் 300 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

மலையில் இதைவிடப் பெரிய எதிரிகள் இருக்கிறார்கள். பனிமூட்டம் வால்வின் உள்ளே போகாது; உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டதென்றால்தான் காற்று புகுந்துவிட்டது, தூக்கி எறியலாம். ஈரம் கெடுப்பது ஊசிகளையும் சாக்கெட்டையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காகிதக் கப்பாசிட்டர்களையும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பங்களா மூலையில் பல மழைக்காலங்களைக் கண்ட ரேடியோகிராமில் (ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்தது), கடைசி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்ளீட்டு முனைக்குப் போகும் கப்பாசிட்டர் கசியாமல் இருந்தால் அதிசயம். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும், மின்னோட்டம் எகிறும், ஆனோடு சிவக்கும். அதில் பழையது என்ன, புதியது என்ன, இரண்டும் சாகும். சில ரூபாய்க் கப்பாசிட்டரை மாற்றாமல் பல ஆயிரத்துக்கு வால்வு தேடுகிறவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அடுத்தது மின்சாரம். ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். 230க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் மாலை நேரத்தில் 190 வந்தால் ஹீட்டருக்குக் கிடைப்பது 5.2தான். டிரான்ஸ்ஃபார்மரின் 220 வோல்ட் முனையில் கட்டிய பழைய செட்டுக்கு நள்ளிரவில் 250 வந்தால் அது 7.16. இரண்டுமே, சூடாகி எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடின் ஆயுளைக் குறைக்கும். அரிய பழைய வால்வை வாங்குகிறவர் முதலில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கட்டும், பழைய செட்டை 240 முனைக்கு மாற்றட்டும்.

புதியதே எப்போதும் கிடைக்கும் என்றும் இருந்துவிட முடியாது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை விதித்தபோது சராத்தவ் சரக்கு நின்றுபோனது. பிறகு வரத் தொடங்கியபோது விலை ஏறியிருந்தது. ஈஎல்84இல் ஒரு ஜோடியைக் கூடுதலாக வாங்கி, வந்தவுடன் ஆம்பிளிஃபயரில் சில மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.