பாரிஸ் ஹார்மோனியமா, அமெரிக்க ரீடு ஆர்கனா?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மரப்பெட்டி, பெரும்பாலும் ஐந்து ஸ்தாயி, காலால் மிதிக்க இரண்டு மிதிகள். ஆனால் காற்று போகும் திசை நேர் எதிர். டெபேன் என்ற கருவி செய்பவர் 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் காப்புரிமை பெற்ற ஹார்மோனியம், ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாக்குள்ள உலோகத் தகடு) வழியே காற்றை வெளியே தள்ளும். நம் ஊர்ப் பெட்டியும் இந்த வழியில் வந்ததுதான். பாஸ்டனில் மேசன் அண்டு ஹாம்லின், வெர்மான்ட்டில் எஸ்டி போன்ற கம்பெனிகள் செய்த ஆர்கனோ காற்றை உள்ளே உறிஞ்சும்.

இதனால் என்ன ஆகிறது? ரீடுக்கு ஒரு பெரிய குணம் உண்டு: காற்றின் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் சுருதி பெரிதாக அசையாது, சத்தம் மட்டும் ஏறி இறங்கும். குழாய் ஆர்கனில் இப்படிச் செய்தால் சுருதியே கலைந்துவிடும். 1810-லேயே பிரான்சில் கிரெனியே என்பவர் இதை வைத்து ஒரு கருவி செய்தார். டெபேன் வழிவந்த ஹார்மோனியங்களில் 'எக்ஸ்பிரெஷன்' என்றொரு ஸ்டாப் (ஒலியை மாற்ற இழுக்கும் குமிழ்) இருக்கும். அதை இழுத்தால் காற்றைச் சேமித்து வைக்கும் அறை விலகிக்கொள்ளும். காலின் அழுத்தம் நேரே ரீடில் போய்ச் சேரும். வயலின் வில்லைப் போல ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, வளர்த்து, அடக்கலாம். பழகாத கால் என்றால் ஒலி திக்கித் திணறும். கற்பது கடினம்தான், ஆனால் இந்தக் கருவியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க ஆர்கனில் ரீடின் நாக்கை லேசாக வளைத்து ஒலியை மென்மையாக்கியிருப்பார்கள். காற்று சீராக வரும். சத்தத்தைக் கூட்ட முழங்காலால் ஒரு பலகையைத் தள்ளினால் போதும். வீட்டில் துதிப்பாட்டுப் பாட, புதிதாகக் கற்பவருக்கு, இதைவிட நல்லது கிடையாது.

அப்புறம் இசை. இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் 'பெதித் மெஸ் சொலனெல்' (1864) என்ற திருப்பலி இசை இரண்டு பியானோவோடு ஹார்மோனியத்தையும் கேட்கிறது. இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க் தன் கடைசிக் காலத்தில் ஹார்மோனியத்துக்கென்றே 'லோர்கானிஸ்த்' தொகுப்பை எழுதினார். பிரெஞ்சு இசைத்தாள்களில் ஸ்டாப்புகளுக்கு எண் போட்டிருக்கும். அமெரிக்க ஆர்கன்களில் ஸ்டாப்பின் பெயரும் அமைப்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த எண்களுக்கு அங்கே நேர் ஜோடி தேடுவது வீண் வேலை. ஃபிராங்கை வாசிக்க ஆசை என்றால், பழுது பார்க்கச் செலவானாலும், பிரெஞ்சுக் கருவியையே தேடுங்கள்.