ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி: மதுரையில் மீடியம் வேவ் கேட்க வாங்கலாமா?

வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் எல்இடி விளக்கும் இருக்கிற மதுரைத் தெருவில் மீடியம் வேவ் கேட்பது பெரிய பாடு. 1269 கிலோஹெர்ட்ஸில் நம்ம மதுரை வானொலி வந்துவிடும், உள்ளூர் நிலையம்தானே. இருட்டிய பிறகு 936-ல் திருச்சி, 720-ல் சென்னை என்று தேடினால்தான் 'கொர்ர்' சத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஏர்ஸ்பை நிறுவனத்தின் எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி, கணினியோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு ரேடியோ ரிசீவர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆன்டெனாவைச் செருகி, யூஎஸ்பி வழியாக மடிக்கணினியில் இணைத்தால் போதும். அலையை எண்களாக்கிக் கொடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. வேண்டிய நிலையத்தைத் தனியே எடுப்பது, ஒலியைப் பிரிப்பது எல்லாம் அவர்களே இலவசமாகத் தரும் எஸ்டிஆர் ஷார்ப் மென்பொருளில் நடக்கிறது. விண்டோஸ் வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த மென்பொருளில் ஏஎம் (மீடியம் வேவ் நிலையங்கள் ஒலிபரப்பும் முறை) பகுதியில் இருக்கும் இரண்டு சின்ன டிக் பெட்டிகள். இரவில் வானத்தில் பட்டுத் திரும்பும் அலையில், சில நொடிகள் நடுவிலிருக்கும் மைய அலையான கேரியர் மட்டும் இறங்கிவிடும், அதன் இருபுறமும் ஒலியைச் சுமக்கும் பக்கப் பட்டைகள் அப்படியே நிற்கும், அப்போதுதான் செய்தி வாசிப்பவர் குரல் தகரத்தைக் கிழிப்பது போல உடைகிறது. 'லாக் கேரியர்' போட்டால் மென்பொருள் கேரியரைப் பூட்டிப் பிடித்துக்கொள்கிறது. 'ஆன்ட்டி ஃபேடிங்' போட்டால், இரண்டு பக்கப் பட்டைகளும் சுமப்பது ஒரே ஒலிதான் என்பதை வைத்து அந்தச் சிதைவைக் குறைக்கிறது. சத்தம் ஏறி இறங்கலாம், ஆனால் வார்த்தை புரியும். திருச்சியை இப்படிக் கேட்டுவிட்டு டிக்கை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும்.

இன்னொன்று, பலமான நிலையத்துக்குப் பக்கத்தில் இது திணறுவதில்லை. 1053-ல் தூத்துக்குடி 200 கிலோவாட், இலங்கைக்கும் ஒலிபரப்பும் நிலையம். ஆர்டிஎல் டாங்கிள்கள் எனப்படும் 8 பிட் யூஎஸ்பி ரிசீவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் எளிதில் நிரம்பிப்போய், இல்லாத நிலையங்களையெல்லாம் காட்டும். இதில் உள்ளேயே வடிகட்டிகள் இருக்கின்றன.

குறை என்றால், 31 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை கிடையாது, 260-க்கு மேலும் கிடையாது. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் தகவலைப் பிடிக்க ஆசைப்படுபவர்கள் ஆர்டிஎல் டாங்கிளே வாங்கலாம், விலையும் குறைவு. ஒரே நேரத்தில் திரையில் தெரியும் அகலமும் 660 கிலோஹெர்ட்ஸ்தான்.

அப்புறம், எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் வீட்டு இரைச்சலை முழுசாக அழிக்காது. வாட்டர்ஃபால் திரையில் (அலைகளின் பலத்தை நிறங்களாக ஓடவிட்டுக் காட்டும் படம்) சம இடைவெளியில் செங்குத்தாகக் கோடுகள் ஓடினால், ஒவ்வொரு சார்ஜராகப் பிடுங்கி, விளக்குகளையும் அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அடுப்படி டியூப்லைட்டை அணைத்ததும் பாதிக் கோடுகள் போயின. ஆன்டெனாவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டினால் இன்னும் நல்லது.